மசக்கையும் மாத்திரையும்

தமிழ்ப் படங்களில் கதாநாயகி கர்ப்பவதியாகிவிட்டாள் என்பதை அறிவிக்க டைரக்டர்கள் வெகுகாலமாக ஓர் உபாயத்தைக் கையாண்டு வருகிறார்கள். கதாநாயகி சோறு பரிமாறிக்கொண்டிருப்பாள். திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவாள். மாமியார் மாமனாரைப் பார்த்துப் புன்னகை புரிவாள். அடுத்த காட்சியில் வளைகாப்பு. அதற்கடுத்த காட்சியில் தொட்டில். இவ்வளவு சீக்கிரத்தில் மசக்கையைத் தீர்த்துவைக்கும் வைத்தியர் சினிமாக் கொட்டகைக்கு வெளியே எங்கும் கிடையாது.

நிஜ வாழ்க்கையில் அந்த முதல் காட்சிக்கும் இரண்டாவது காட்சிக்கும் நடுவே பல வாரங்கள் இருக்கின்றன. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு எழுபது எண்பது பேருக்குக் குமட்டலோ வாந்தியோ உண்டாகிறது என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்தை எட்டி, பெரும்பாலோருக்கு நாலாம் மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கிறது. நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு அது மசக்கை என்ற செல்லப் பெயருக்குரிய எல்லையைத் தாண்டி, குடித்த தண்ணீரும் தங்காத நோயாகவே ஆகிவிடுகிறது.

நம் முன்னோர்கள் இந்த நிலையை ‘வயா’ என்று அழைத்தார்கள். பச்சைப் புளிக்கு ஏங்கும் நிறைசூலியைக் குறுந்தொகையில் காண்கிறோம். புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார், சேரமானுடைய நாட்டு மண்ணைப் பகைவர் எவரும் உண்ண முடியாது, வயாவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பதுதான் உண்டு என்று அரசனின் வீரத்தைப் புகழ்கிறார். அழகான கற்பனை! ஆனால் இந்த இரண்டு பாட்டிலும் இருப்பது ஆசை மட்டுமே, குமட்டல் இல்லை. மசக்கை என்றாலே மாங்காயும் சிரிப்புமாக நினைக்கும் வழக்கம் நமக்குப் பழமையானதுதான் போலும்.

குமாரபாளையத்துத் தெருக்களில் வசிப்பவர்களுக்கு இந்தச் சிரிப்பு சற்றுக் குறைவாகவே வரும். காவிரியின் அக்கரையில் பவானி, இக்கரையில் நாம். இங்கே வீட்டுக்கு வீடு விசைத்தறி. பாவுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடை ஒரு பக்கம், தறி எண்ணெயின் நெடி ஒரு பக்கம், சாயப்பட்டறையிலிருந்து வரும் காரநெடி மற்றொரு பக்கம். ஆரோக்கியமாக இருக்கும் மனிதனுக்கே காலையில் காபி இறங்காத நாட்கள் உண்டு. இரண்டு மாதக் கர்ப்பத்தோடு தார் சுற்றுவதற்கு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அவள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. போனாலோ, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஓடவேண்டியிருக்கிறது.

இப்பேர்ப்பட்ட பெண் டாக்டரிடம் போகிறாள். டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். சீட்டில் ஒன்று சத்து மாத்திரை, மற்றொன்று வாந்திக்கு. வீட்டுக்கு வந்ததும் சத்து மாத்திரை அன்றிரவே உள்ளே போகிறது. வாந்தி மாத்திரையோ சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேருகிறது. இது நம் ஊரில் ஒரு வீட்டுக் கதை அன்று. பல வீட்டுக் கதை.

வைத்தவர்களிடம் காரணம் கேட்டால் இல்லாமல் இல்லை. நமக்கு அறிமுகமான ஒரு பாட்டியம்மாள் சொன்னதை அப்படியே தருகிறோம்:

“ஏனுங்க வாத்தியாரய்யா, நானு அஞ்சு பெத்தேனுங்க. ஒரு மாத்திரையைக் கையில தொட்டதில்லீங்க. வாந்தி வந்தா ஒரு புளியம்பிஞ்சைக் கடிச்சுக்கிட்டுத் தார் சுத்தப் போயிருவனுங்க. வயித்துல இருக்கிற பச்சை மண்ணுக்கு இந்த இங்கிலீஷ் மாத்திரை ஆகுமுங்களா?”

அந்த அம்மாளின் பேரனோ பட்டதாரி. அவன் கைப்பேசியைத் திறந்து, “பாட்டி சொல்றது சரிதானுங்க சார். வாந்தி மாத்திரை தின்ன அம்மாமாருக்குக் கையில்லாத குழந்தைகள் பிறந்ததாக இதிலே போட்டிருக்கிறது” என்றான். பாட்டியும் பேரனும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டால் மருமகள் என்ன செய்வாள்? வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடவேண்டியதுதான்!

நாம் பள்ளிக்கூடத்து வாத்தியார், வைத்தியர் அல்ல. ஆயினும், ஒரு பயம் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது சரித்திரம் படித்தவன் செய்யக்கூடிய காரியமே. பேரன் கைப்பேசியில் படித்தது பொய்யன்று. ஆனால் அது கதையின் முதற்பாதி மட்டும்.

* * *

1957-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் மேற்கு ஜெர்மனியில் ‘தாலிடோமைட்’ என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் ஏற்றது. யாதொரு தீங்கும் செய்யாதது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் நல்லது என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம் என்றிருந்தது. கர்ப்பத்தில் வளரும் சிசுவுக்கு அது என்ன செய்யும் என்று எவரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை. நாலு வருஷம் கழித்து, ஜெர்மனியில் லென்ஸ் என்ற டாக்டரும், ஆஸ்திரேலியாவில் மக்பிரைட் என்ற டாக்டரும் தனித்தனியே அபாயத்தை அறிவித்தார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகமெங்கும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால்கள் குறுகியோ இல்லாமலோ பிறந்துவிட்டன என்று மதிப்பிடுகிறார்கள். சிசுவின் அங்கங்கள் உருவாகும் அந்தச் சில நாட்களில் ஒரே மாத்திரை உட்கொண்டதே போதுமாயிருந்தது.

அமெரிக்காவில் அந்த மருந்து கடைக்கு வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு ஸ்திரீ. பிரான்ஸிஸ் கெல்ஸி என்ற அந்த அம்மாள் 1960-இல் மருந்துகளைப் பரிசீலிக்கும் அமெரிக்க சர்க்கார் இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். மெர்ரல் என்ற கம்பெனி தாலிடோமைடை விற்க அனுமதி கேட்டு அவருக்கு விண்ணப்பம் அனுப்பியது. ‘ஐரோப்பாவெல்லாம் விற்கிறதே, சும்மா கையெழுத்துப் போட்டால் என்ன?’ என்று கம்பெனி விடாமல் நச்சரித்தது. அம்மாளோ, ‘இன்னும் ருசு வேண்டும்’ என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கு இது என்ன செய்யும் என்று கேட்டார், பதில் வரவில்லை. 1962-இல் ஜனாதிபதி கென்னடி அவருக்கு விருது அளித்துக் கௌரவித்தார். அதே வருஷம், மருந்து பயன்படும் என்பதற்குத் தக்க சோதனை மூலம் ருசு காட்டியாகவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. கெல்ஸி அம்மாள் நூறு வயதைக் கடந்து 2015-இல்தான் காலமானார்.

ஆகவே நம் பாட்டியம்மாளின் பயத்தை யாரும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. அது பதினாயிரம் தாய்மார்களின் கண்ணீரில் பிறந்த பயம். ஆனால் கெல்ஸி அம்மாள் சொன்னதை நன்றாகக் கவனியுங்கள். ‘கர்ப்பிணிக்கு மருந்தே கூடாது’ என்று அவர் சொல்லவில்லை. ‘ருசு காட்டு, பிறகு கொடு’ என்றுதான் சொன்னார். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

* * *

இனிக் கதையின் பிற்பாதி. அதே மெர்ரல் கம்பெனி 1956-லிருந்து ‘பெண்டெக்டின்’ என்று வேறொரு மாத்திரையை மசக்கைக்கென்றே விற்று வந்தது. 1976-க்குப் பிறகு அதில் இருந்த சரக்கு இரண்டே: தூக்கத்தையும் சற்றே உண்டாக்கும் டாக்ஸிலமைன், பைரிடாக்ஸின் என்ற பி-6 வைட்டமின். மூன்று கோடிக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். தாலிடோமைடு விபரீதத்தால் உலகம் அரண்டு போயிருந்த சமயம். குறையோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோர் இந்த மாத்திரையின் மேல் சந்தேகப்பட்டார்கள். அதில் தவறென்ன? ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். எந்த மருந்தும் தின்னாத தாய்மாருக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் ஏதேனும் குறையோடு பிறப்பது எல்லாத் தேசத்திலும் உள்ளதுதான். கோடிக்கணக்கான பேர் சாப்பிட்ட மாத்திரை என்றால், அவர்களிலும் அந்த இரண்டு மூன்று பேர் இருக்கத்தானே செய்வார்கள்?

வழக்குகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. மாத்திரையால்தான் குறை வந்தது என்பதற்கு விஞ்ஞான ருசு கிடைக்கவில்லை. இருந்தும் வழக்குச் செலவு தாளாமல் 1983-இல் கம்பெனியே மருந்தை நிறுத்திவிட்டது. பிறகு நடந்ததுதான் முக்கியம். மாத்திரையை நிறுத்திய பிறகு, குறையோடு பிறக்கும் குழந்தைகளின் விகிதம் குறையவில்லை. ஆனால் கடும் வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளின் விகிதமோ அதிகரித்தது. அதாவது, பயத்தினால் ஒரு குழந்தையும் காப்பாற்றப்படவில்லை, தாய்மார்கள்தான் அவதிப்பட்டார்கள்.

தாலிடோமைடைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர் என்று சொன்னோமே, அந்த மக்பிரைட்டும் இந்த மாத்திரைக்கு விரோதமாகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர். பின்னால் அவர் மற்றொரு மருந்தைப் பற்றிச் செய்த முயல் பரிசோதனையில் கணக்குகளைத் திருத்தி எழுதினார் என்று தெரியவந்து, 1993-இல் வைத்தியப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். ஒரு தடவை சரியாகச் சொன்னவர் மறு தடவையும் சரியாகவே சொல்லுவார் என்பது நிச்சயமில்லை. பெரியவர் சொன்னார் என்பது ருசு ஆகாது. சோதித்துப் பார்த்ததுதான் ருசு.

அந்த ருசு படிப்படியாகக் கிடைத்தது. பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்தும், மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கும் சாப்பிடாதவர்களின் குழந்தைகளுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. முடிவில் 2013-இல், கெல்ஸி அம்மாள் வேலை பார்த்த அதே இலாகா, அதே இரண்டு சரக்கும் கலந்த மாத்திரையை மீண்டும் அங்கீகரித்தது. நடுவே முப்பது வருஷம் போய்விட்டது. கர்ப்பகால மருந்துகளிலேயே இவ்வளவு தீரச் சோதிக்கப்பட்டவை வெகு சிலவே. நம் நாட்டு டாக்டர்கள் மசக்கைக்கு அடிக்கடி எழுதிக் கொடுப்பதும் இந்த டாக்ஸிலமைன், பைரிடாக்ஸின் கலவைதான். சாமி படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அட்டையை எடுத்து, பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களும் இருக்கும்.

இதை இரவில் படுக்கும்போது சாப்பிடச் சொல்லுகிறார்களே, வாந்தி வருவது காலையில் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். மேலே உறை பூசிய மாத்திரை அது. மெல்லக் கரைந்து பல மணி நேரத்துக்குப் பின் வேலை செய்வது. இரவில் போட்டால்தான் காலையில் கைகொடுக்கும். ஆகவே அதைக் கடித்தோ உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது, முழுசாக விழுங்கவேண்டும். தூக்கக் கலக்கம் வரலாம். மாத்திரை போட்ட பெண் ஸ்கூட்டர் ஓட்டுவதும், ஓடும் தறியருகே நிற்பதும் கவனிக்கவேண்டிய விஷயங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்பது டாக்டரின் பொறுப்பு. ‘ஒன்றுக்குக் கேட்கவில்லை, இரண்டாகப் போட்டேன்’ என்பது கூடாது. ‘சற்றுத் தேவலை, நிறுத்திவிட்டேன்’ என்பதையும் அவரைக் கேட்டுக்கொண்டே செய்யவேண்டும்.

* * *

இவ்வளவு சொன்னதால், வாந்தி மாத்திரை எதுவாயிருந்தாலும் பாதகமில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மருந்துக் கடைக்காரரிடம் போய், “வாந்திக்கு ஒண்ணு குடுங்கண்ணா” என்று வாங்கித் தின்பதும், நாத்தனாருக்குப் போன வருஷம் எழுதிக் கொடுத்ததில் மிச்சமிருப்பதை எடுத்துப் போடுவதும் தாலிடோமைடு காலத்து வழக்கங்கள். வாந்தி மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. உதாரணமாக ‘ஆண்டான்செட்ரான்’ என்பது நம் கடைகளில் எங்கும் கிடைக்கிறது. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்கென்று வந்தது. 2018-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆராய்ச்சியில், முதல் மூன்று மாதத்தில் அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பதினாயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய மூன்று குழந்தைகள் அதிகமாக உதடு அல்லது அண்ணப் பிளவோடு பிறந்ததாகக் கண்டார்கள். இது மிகச் சிறிய அபாயமே. வேறு மருந்துக்குக் கேட்காத கடும் வாந்தி என்றால், தாய் நீரின்றி வாடுவதைவிட இது மேல் என்று டாக்டர் தீர்மானிக்கலாம். ஆனால் அந்தத் தராசைப் பிடிக்கவேண்டியவர் டாக்டரே தவிர, கடைக்காரரும் அல்ல, நாத்தனாரும் அல்ல.

பாட்டியம்மாளின் புளியம்பிஞ்சையும் நாம் இகழவில்லை. இஞ்சி குமட்டலை ஓரளவு தணிக்கிறது என்பதை இக்கால வைத்தியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். வயிறு காலியாக இருக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுவது, எழுந்திருக்குமுன் இரண்டு வாய் பொரி தின்பது, தாளிக்கும் வாசனையிலிருந்து தப்பி வாசலில் உட்காருவது எல்லாம் நல்லவையே. லேசான மசக்கைக்கு இவையே போதும். மண்ணைத் தின்னும் ஆசை வந்தால் மட்டும் சங்கப் பாட்டை நினைத்துப் பூரிக்காமல், ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்திருக்கிறதா என்று பரிசோதித்துக் கொள்ளவேண்டும்.

லேசானது எது, கடியது எது என்று வீட்டார் அறிந்துகொள்வது எப்படி? ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூடத் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்து கருமஞ்சளாகப் போனால், எழுந்து நின்றால் கண் இருண்டால், எடை மளமளவென்று இறங்கினால், வாந்தியில் ரத்தம் கண்டால், ஜுரமோ வயிற்று வலியோ சேர்ந்துகொண்டால், அது மசக்கை அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வியாதி. அங்கும் ஒரு ஜாக்கிரதை உண்டு. நம் பக்கத்து ஜனங்களுக்கு, “ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவிடுங்க, தெம்பாயிரும்” என்று தாமே வைத்தியம் சொல்லுவது வழக்கம். வாரக்கணக்கில் வாந்தி எடுத்த உடம்பில் பி-1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதைக் கொடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே தீங்கு நேரலாம். எனவே எத்தனை நாளாக வாந்தி என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, எதை முதலில் ஏற்றுவது என்பதை அவரிடமே விட்டுவிடவேண்டும்.

‘அக்காலத்தில் எல்லாரும் தாங்கிக்கொண்டார்கள்’ என்பதற்கும் ஒரு வார்த்தை. தாங்கியவர்கள்தாம் பாட்டிகளாகி நம்மிடம் பேசுகிறார்கள். தாங்காதவர்கள் பேச வரவில்லை. ‘ஜேன் அயர்’ என்ற நாவலை எழுதிய சார்லட் பிரான்டி அம்மையார் 1855-இல், கலியாணமாகி ஒரு வருஷம் முடியுமுன், கர்ப்பிணியாக இருக்கும்போது காலமானார். ஓயாத குமட்டலும் வாந்தியும்தான் அவர் உயிரை வாங்கின என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் பலர் கருதுகிறார்கள். புகழ்பெற்ற எழுத்தாளராகையால் அவர் கதை நமக்குத் தெரிகிறது. நம் கிராமங்களில் ‘வயித்துப் பிள்ளையோடு போய்விட்டாள்’ என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துபோன பெண்களின் கதையை எழுதி வைத்தவர் யார்?

மற்றொரு சொல்லும் பல வீடுகளில் கேட்கிறது: ‘செல்லம்! ஊரில் யாரும் பிள்ளை பெறவில்லையா?’ என்று. இதற்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. மார்லீனா பெஜ்ஸோ என்ற அம்மாள் 1999-இல் இந்த வியாதியால் தம் கர்ப்பத்தையே இழந்தவர். பாரம்பரிய விஞ்ஞானம் கற்றவர். அவரும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து 2023 டிசம்பரில் காரணத்தை வெளியிட்டார்கள். வளரும் சிசுவும் நஞ்சும் ‘ஜி.டி.எஃப்.15’ என்னும் ஒரு பொருளைத் தாயின் ரத்தத்தில் விடுகின்றன. அது மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தைத் தாக்குகிறது. கர்ப்பத்துக்கு முன் எந்தப் பெண்ணின் உடலில் அப்பொருள் குறைவாயிருந்ததோ, அவளுக்கு வேதனை அதிகமாயிருக்கிறது. ஆகவே ஒருத்தி சும்மா இருப்பதும் மற்றொருத்தி துவண்டு விழுவதும் மனோதைரியத்தைப் பொறுத்த விஷயமன்று. ரத்தத்தைப் பொறுத்த விஷயம்.

மருமகளின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் மாமியார்மாருக்கு நாம் பணிவுடன் தெரிவிப்பது இதுதான். சந்தேகம் இருந்தால் அதை மனத்தில் வைத்துக்கொண்டு மாத்திரையை ஒளிக்க வேண்டாம். அடுத்த தடவை மருமகளுடன் நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘இதன் பெயர் என்ன? சிசுவுக்குத் தீங்கில்லை என்று சோதித்திருக்கிறார்களா? எத்தனை நாள் சாப்பிடவேண்டும்?’ என்று டாக்டரையே நேரில் கேளுங்கள். கெல்ஸி அம்மாள் கேட்டதும் இதே கேள்விதான். பதில் வரும்வரை அவர் கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்கோ பதில் அன்றைக்கே கிடைத்துவிடும். கிடைத்த பிறகு, இரவு படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் தண்ணீரோடு அந்த மாத்திரையை மருமகளின் கையில் நீங்களே கொடுங்கள். கணவன்மார்கள் அதற்குள் மறுநாள் காலைக்குப் பொரி வாங்கிவைத்தால் போதும்.